பைக் இடித்த நாய்க்குத் திடீர் மூச்சுத்திணறல், எக்ஸ்ரேயில் தெளிவில்லை. உதவுங்கள்

கேள்வி:
எங்கள் மணி நாட்டு நாய், 4 வயது, 16 கிலோ. ஐந்து நாள் முன்பு பைக் இடித்தது. வெளிக்காயம் பெரிதாக இல்லை, மறுநாளே சாப்பிட்டான். நேற்று இரவிலிருந்து மூச்சு வாங்குகிறது. படுக்கவே மாட்டேன் என்கிறான். முழங்கையை அகட்டி, கழுத்தை நீட்டி உட்கார்ந்தே இருக்கிறான். எண்ணிப் பார்த்தேன், நிமிடத்துக்கு 64 மூச்சு. பக்கவாட்டில் ஒரே ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சின் கீழ்ப்பாதி வெள்ளையாக இருக்கிறது, இதயத்தின் விளிம்பே தெரியவில்லை. நீராக இருக்கலாம், நிமோனியாவாகவும் இருக்கலாம் என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். காலை வரை பொறுக்கலாமா?

பதில் (கால்நடை மருத்துவர்):
பொறுக்காதீர்கள், இப்போதே கிளம்புங்கள். ஓய்வில் இருக்கும் நாய்க்கு மூச்சு நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும். ஈறு வெளிறியோ நீலமாகவோ இருந்தால் முதலில் ஆக்சிஜன், அப்புறம்தான் படம். மல்லாக்கப் படுக்க வைக்க யாரையும் விடாதீர்கள், அந்த நிலையிலேயே மூச்சு நின்றுவிடலாம்.

நெஞ்சுக்கு அல்ட்ராசவுண்ட் கேளுங்கள். நின்றபடியே பார்க்கலாம், சில நிமிட வேலை. நீர் இருந்தால் கறுப்பாகத் தெரியும், ஊசியால் எடுத்துவிடலாம். காற்று கசிந்திருந்தால் நுரையீரல் வழுக்கி அசைவது தெரியாது. நீங்கள் சொல்வதைக் கேட்டால் எனக்கு உதரவிதானக் கிழிசல் மீதுதான் சந்தேகம், அதாவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் தசைத் தடுப்பு கிழிந்து, வயிற்று உறுப்புகள் நெஞ்சுக்குள் ஏறுவது. ஃபிலிமை வெளிச்சத்தில் பிடியுங்கள்: நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் வளைகோடு முழுசாக இருக்கிறதா?

இன்னொருவர்:
எங்கள் பொமரேனியனுக்கும் இப்படித்தான், இதயக் கோளாறு என்று லாசிக்ஸ் (சிறுநீர் வழியாக நீரை வெளியேற்றும் மருந்து) கொடுத்தார்கள். கொடுத்துப் பாருங்களேன்.

பதில் (கால்நடை மருத்துவர்):
வேண்டாம். வயதான சிறு இன நாய்க்கு வால்வு தேய்ந்து நுரையீரலில் நீர் கோக்கும், அதற்கு அந்த மருந்து. அடிபட்ட 4 வயது நாய்க்குக் காரணம் தெரியாமல் கொடுக்கக் கூடாது.

கேட்டவர்:
சார், கோடு பாதியில் மறைந்துவிடுகிறது! இதயம் இருக்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் குழாய் மாதிரி இரண்டு கறுப்பு வளைவுகள்.

பதில் (கால்நடை மருத்துவர்):
அது காற்று நிறைந்த குடல், கிழிசல் வழியாக நெஞ்சுக்குள் ஏறியிருக்கிறது. சாப்பாடும் தண்ணீரும் கொடுக்காதீர்கள், அறுவை சிகிச்சை வசதியுள்ள இடத்துக்கே நேராகப் போங்கள். இரைப்பையும் மேலே ஏறி ஊதிவிட்டால் மணிக்கணக்குக்கூடத் தாங்காது.

கேட்டவர்:
கல்லூரி மருத்துவமனைக்கு வந்துவிட்டோம். ஸ்கேனில் இதயத்தை ஒட்டிக் கல்லீரல் தெரிந்தது, குடலும் உள்ளேதான். இரைப்பை கீழேயே இருக்கிறதாம். ஆக்சிஜன் வைத்ததும் மூச்சு 40-க்கு இறங்கிவிட்டது. காலையில் ஆபரேஷன். முன்னங்கால் மேல் தலையை வைத்து, நேற்றிலிருந்து முதல் முறையாகக் கண்ணை மூடியிருக்கிறான்.