மேலத்தெரு வீடு குரூப்: நிதின் ரிப்போர்ட்

வித்யா (7:42): நிதினுக்கு எழுதுறது கஷ்டமா இருக்குன்னு டெஸ்ட் எடுக்க சொன்னாங்கல்ல, ரிப்போர்ட் வந்துருச்சு. ஐக்யூ 114. நாலரை வயசுல 131 இருந்துச்சு. இவருக்கு ராத்திரி தூக்கமே இல்ல, 17 பாயிண்ட் எங்க போச்சு எங்க போச்சுன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு

சரவணன் சித்தப்பா (7:44): எங்க போகும், போன்ல போச்சு. பொங்கலுக்கு வந்தப்ப பாத்தேனே, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாடியும் அதான்

அம்மா (7:51): வல்லாரை பொடி பண்ணி பஸ்ல குடுத்து விடுறேன் வித்யா. காலைல வெறும் வயித்துல குடு

கவிதா அக்கா (8:20): ஐயோ சித்தி வல்லாரைக்கு முன்னாடி ஒரு நிமிஷம் 😄 வித்யா, ரெண்டு தடவையும் ஒரே டெஸ்ட்டா? பேர் பாத்து சொல்லு

வித்யா (8:26): முன்னாடி பினே காமத். இப்ப மாலின்

கவிதா அக்கா (8:34): அதான பாத்தேன். ரெண்டும் வேற வேற, கேக்குற கேள்வியே வேற. அப்புறம் ஐக்யூங்கறது பரீட்சை மார்க் இல்ல, அவன் வயசுப் புள்ளைங்க வரிசையில எங்க நிக்கிறான்னு சொல்றது, நடுவுல நிக்கிறவனுக்கு 100. நிதின் சீக்கிரமா பேசினான் சீக்கிரமா எழுத்துக் கூட்டினான், அதனால அப்ப முன்னாடி நின்னான், இப்ப மத்த புள்ளைங்களும் வந்து சேந்துருச்சு, அவ்வளவுதான், இவன்கிட்ட இருந்து எதுவும் தொலையல

சரவணன் சித்தப்பா (8:36): அப்ப அந்த 131 பொய்யா

கவிதா அக்கா (8:49): பொய் இல்ல சித்தப்பா. பினே காமத்ல மன வயசை, அதாவது எந்த வயசுப் புள்ளைங்க சொல்ற அளவுக்கு பதில் சொல்றான்ங்கறத, நிஜ வயசால வகுத்து 100ஆல பெருக்குவாங்க. சின்னப் புள்ளைங்களுக்கு ஒரு கேள்வி சரியா சொன்னா மன வயசுல ரெண்டு மாசம் ஏறும். அவனுக்கு அன்னைக்கு 55 மாசம், மன வயசு 72 மாசம், அதான் 131. அந்த வயசுல ஒரு கேள்விக்கே மூணரை பாயிண்ட்டுக்கு மேல போகுது. தூங்கி எந்திரிச்சு வந்தானா, டீச்சரம்மா சிரிச்சாங்களா, எல்லாம் ஸ்கோர்ல வந்துரும்

சரவணன் சித்தப்பா (8:51): அப்ப 17 பாயிண்ட்னா அஞ்சு கேள்வி கூட வராதேம்மா

கவிதா அக்கா (8:51): அதே

கார்த்தி அண்ணா (9:05): அப்ப இந்த டெஸ்ட்டே வேஸ்ட்டா

கவிதா அக்கா (9:17): அப்படியும் சொல்ல முடியாதுண்ணா. ஸ்காட்லாந்துல 1932ல 1921ல பொறந்த புள்ளைங்களுக்கு நாடு முழுக்க ஒரே நாள்ல டெஸ்ட் வச்சாங்க, எண்பத்தேழாயிரம் பேருக்கு மேல. அதுல சிலரைத் தேடிப்பிடிச்சு 77 வயசுல அதே டெஸ்ட்ட எழுத வச்சாங்க. 11 வயசுல முன்னாடி நின்னவங்க பெரும்பாலும் அப்பவும் முன்னாடிதான், ஒட்டுறவு 0.63. முழுசா ஒத்துப்போனா 1, சம்பந்தமே இல்லன்னா 0. ஆனா அது கூட்டமா பாக்குறப்ப. தனித்தனியா பாத்தா ஆட்டம் ஜாஸ்தி, அமெரிக்காவுல பெர்க்லில புள்ளைங்கள பல வருஷம் பின்தொடர்ந்து 1948ல எழுதினாங்க, 6 வயசுக்கும் 18க்கும் நடுவுல கிட்டத்தட்ட 60 சதவீதம் பேருக்கு 15 பாயிண்ட்டாவது ஏறியோ இறங்கியோ இருந்துச்சு. ஏழெட்டு வயசுக்கு மேலதான் ஓரளவு நிக்க ஆரம்பிக்கும், அதுக்கு முன்னாடி எடுத்தத வச்சு எதுவும் உறுதியா சொல்றதுக்கில்ல

கார்த்தி அண்ணா (9:31): எங்க யாழினிக்கு அதே பினே காமத்ல 78 வந்துச்சு

கார்த்தி அண்ணா (9:31): உங்க யார்கிட்டயும் சொல்லல. பத்து மாசம் ஆச்சு

அம்மா (9:32): என்னப்பா சொல்ற

கவிதா அக்கா (9:33): அண்ணா அப்ப அவளுக்கு எத்தனை மாசம்

கார்த்தி அண்ணா (9:40): 51. நான் கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். படத்தக் காட்டி இது என்னன்னு கேட்டாங்க, குடை. வீட்ல மழை பெஞ்சா குடை குடைன்னு குதிக்கிறவ, அங்க கவுன் ஓரத்த முறுக்கிக்கிட்டு தரையப் பாத்துட்டு நின்னா. மணி கோக்கச் சொன்னதை மட்டும் கோத்தா. அன்னைல இருந்து அவளப் பாக்குறப்ப எல்லாம் அந்த நம்பர்தான் தெரியுது

கவிதா அக்கா (9:52): 51 மாசத்துல 78ன்னா மன வயசு 40. தெரிஞ்ச நாலு கேள்விக்கு வாயத் திறந்திருந்தா 48, அதாவது 94. காது டெஸ்ட் எடுத்தியா? முதல்ல அது. பேச்சுப் பயிற்சி குடு. ஏழெட்டு வயசுல, அவ பழகின ஆள்கிட்ட, தமிழ்லயே திரும்ப எடுக்கலாம். 70க்குக் கீழ வந்தாக்கூட ஸ்கோர மட்டும் வச்சு அறிவு வளர்ச்சிக் குறைன்னு முடிவு பண்றது தப்பு, தானா சாப்பிடுறாளா, உடுத்துறாளா, ஆளோட பழகுறாளா எல்லாம் பாக்கணும்

கார்த்தி அண்ணா (9:54): எல்லாம் பண்றா. என் செருப்ப ஒளிச்சு வைக்கிறா

வித்யா (9:55): அது நம்ம வம்சம் ❤️

கவிதா அக்கா (9:56): நாளைக்கு போன் பண்ணுண்ணா. ரிப்போர்ட்ட குரூப்ல போடாத, எனக்கு மட்டும் அனுப்பு

வித்யா (10:02): சித்தப்பா, நிதின் அஞ்சாவது பொறந்தநாளுக்கு 131னு தங்க எழுத்துல ஃப்ளெக்ஸ் அடிச்சீங்களே, அது இன்னும் இருக்கா

சரவணன் சித்தப்பா (10:09): மாட்டுக் கொட்டாய் மேல கிடக்கு. ஒரு சொட்டு ஒழுகல