டெங்கு தணிந்த பிறகு நாடித்துடிப்பு குறைவது ஆபத்தா?

கேள்வி (கோபிசெட்டிபாளையம்):
61 வயதான என் தந்தைக்கு டெங்கு உறுதியானதால் ஈரோட்டில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். காய்ச்சல் விட்டு, இரத்தத் தட்டணுக்களும் ஏறத் தொடங்கிவிட்டன. ஆனால் நேற்றிரவு முதல் மானிட்டரில் நாடித்துடிப்பு 50-ஐ ஒட்டியே நிற்கிறது. நன்றாகப் பேசுகிறார், கஞ்சி குடிக்கிறார், மஞ்சள் காட்டைப் பார்க்க ஆளில்லை என்று வீட்டுக்குப் போகவும் அவசரப்படுகிறார். மருத்துவரோ இன்னும் இரண்டு நாள் இருக்கச் சொல்கிறார். கொரோனா காலத்தில் இதயத் துடிப்பு தடுமாறி இறந்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பதால் அச்சமாக இருக்கிறது.

பதில் (பெருந்துறை, செவிலியர்):
தம்பி, டெங்கு நோயாளி தேறிவரும் கட்டத்தில் நாடி குறைவது நாங்கள் அடிக்கடி பார்ப்பதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டுதலும் அதைக் குறிப்பிடுகிறது. எண்ணை மட்டும் பார்த்துக் கலங்காமல், இரத்த அழுத்தம் இறங்குகிறதா, கைகால் சில்லிடுகிறதா, சிறுநீர் குறைகிறதா, எழுந்தால் தலை சுற்றுகிறதா என்று கவனியுங்கள். இரவில் கழிவறைக்குத் தனியாக அனுப்ப வேண்டாம். இரத்த அழுத்தத்துக்கு ஏதாவது மாத்திரை எடுக்கிறாரா?

கேட்டவர்:
பல ஆண்டுகளாக மெட்டோபுரோலால் எடுக்கிறார், அக்கா. வீட்டிலிருந்து கொண்டுவந்ததை அம்மா தினமும் காலையில் கொடுத்து வருகிறார்.

பதில் (கோவை, பொது மருத்துவர்):
அதை இப்போதே பணி மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த மாத்திரை நாடியைக் குறைக்கக்கூடியது. நிறுத்துவதா, அளவைக் குறைப்பதா என்பதை அவர்தான் முடிவுசெய்ய வேண்டும், நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

அடுத்து, ஈசிஜி என்ன காட்டுகிறது என்று கேளுங்கள். துடிப்பு தோன்றும் இடத்திலேயே வேகம் குறைந்திருந்தால் அது பெரும்பாலும் சில நாள்களில் தானாகச் சரியாகும். இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்னோட்டம் செல்லும் வழியில் அடைப்பு இருந்தால் நிலைமை வேறு. முழு அடைப்பானால் தற்காலிக பேஸ்மேக்கர்கூடத் தேவைப்படலாம். டெங்கு சிலருக்கு இதயத் தசையையும் அழற்சியுறச் செய்வதால், ஐயம் இருந்தால் டிரோபோனின் (இதயத் தசை பாதிப்பைக் காட்டும் இரத்தப் பரிசோதனை), எக்கோ (இதயத்தின் ஸ்கேன்) ஆகியவற்றைச் செய்வார்கள். இரத்தத்தில் பொட்டாசியம் அளவையும் பார்க்க வேண்டும்.

கொரோனாவோடு இதை ஒப்பிட வேண்டாம். 2020-இல் வூகானில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 138 பேரைப் பற்றி வெளியான ஆய்வில் 16.7 விழுக்காட்டினருக்குத் துடிப்புச் சீர்கேடு இருந்தது, தீவிர சிகிச்சையில் இருந்தவர்களிடையே அது 44.4 விழுக்காடு. ஆக்சிஜன் குறைவும் கடும் அழற்சியும் சில மருந்துகளின் விளைவும் அங்கே சேர்ந்துகொண்டன. உங்கள் தந்தையோ தேறிவருகிறார். ஆனாலும் மாத்திரையை மாற்றிய பின் நாடி ஏறுகிறதா என்று பார்க்க அந்த இரண்டு நாள் அவசியம். வீட்டுக்குச் செல்லும்போது ஈசிஜி நகலை வாங்கிக்கொள்ளுங்கள். மறுபரிசோதனையில் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.