கோ மொழித் திட்டத்துக்குள் லீஃப்லெட்டை எப்படி வைப்பது?

வணக்கம் உறவுகளே. மட்டக்களப்பு வாவியில் தோணி விடும் எங்கள் ஊரவருக்காகக் கோ (Go) நிரல்மொழியில் ஒரு வரைபடச் செயலி எழுதுகிறேன். சங்கக் கட்டடத்து மடிக்கணினியிலேயே, இணையம் இல்லாமல் அது ஓட வேண்டும். வரைபடத் துண்டுகளைச் சேமித்துவிட்டேன்.

உலாவியில் வரைபடம் காட்டும் லீஃப்லெட் (Leaflet) நிரல் நூலகத்தை, கோ 1.16இல் வந்த எம்பெட் (embed, கோப்புகளை நிரலோடு சேர்த்துப் பொதிவது) வசதியால் இயங்குகோப்புக்குள் வைக்கப் பார்க்கிறேன். சிக்கல் இதுதான்: நூலகங்களை இறக்கித் தரும் என்பிஎம் (npm) கருவி இறக்கிய கோப்புகள் மேலடைவில் இருக்கின்றன, எம்பெட்டோ மேலடைவைச் சுட்டும் இரட்டைப் புள்ளிப் (..) பாதையை ஏற்பதில்லை. கையால் நகலெடுத்தபோது படங்கள் அடைவை மறந்துவிட்டேன். இறங்குதுறைக் குறிகள் ஒன்றுமே தெரியவில்லை! இப்போது சரி.

ஆனால் ஒவ்வொரு பதிப்புக்கும் இப்படி நகலெடுப்பதா? கோப்புகளை, நிரலின் பதிப்புகளைக் காக்கும் கிட்டிலேயே (Git) சேர்த்துவிடுவதா, ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளை ஒன்றாகக் கட்டும் ஈஎஸ்பில்டைக் (esbuild) கோ நிரலைத் தொகுக்கும் முன் ஓட்டுவதா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.