ரன்வே இன்கர்ஷனுக்கு 'அத்துமீறல்' ஏன் வேண்டாம்?

அன்புள்ள ஐயா, குழும நண்பர்களே, வணக்கம்.

விமான நிலையத்தில் புதிதாகச் சேரும் பராமரிப்புப் பணியாளர்களுக்கான பயிற்சிக் கையேட்டில் வரும் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன். இத்தனை பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. நீங்கள் எழுதியதை மேற்கோளாகக் கொடுத்து, கீழே என் கருத்தைச் சொல்கிறேன். ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்கப்போகிறவர்கள் விமானிகள் அல்லர். புல் வெட்டுபவர், விளக்கு மாற்றுபவர், தளத்தில் கோடு பூசுபவர், விரிசல் அடைப்பவர். நேற்றுவரை ஊருக்குள் வண்டி ஓட்டியவர் இன்று ஓடுபாதைக்குப் பக்கத்தில் ஓட்டப்போகிறார். அதனால் சொல்லின் அழகு இரண்டாம்பட்சம்தான். கேட்டதும் கால் பிரேக்குக்குப் போனால் அது நல்ல சொல்.

> ரன்வே இன்கர்ஷன் = ஓடுபாதை அத்துமீறல். 'ஓடுபாதை ஊடுருவல்' என்பதும் புழக்கத்தில் உள்ளது. இரண்டில் எதை வைத்தாலும் தவறில்லை.

ரன்வே இன்கர்ஷன் என்பது ஓடுபாதையில் இருக்கக் கூடாதபோது விமானமோ வண்டியோ ஆளோ இருப்பது. ஐயா, அகராதிப்படி தவறில்லைதான். ஆனால் 'ஊடுருவல்' என்றதும் எல்லையில் கம்பிவேலியை வெட்டிக்கொண்டு வருகிறவன் நினைவுக்கு வருகிறான். 'அத்துமீறல்' என்றால் வேண்டுமென்றே செய்தது. காவல்துறை வழக்குப் போடுகிற சொல் அது. வகுப்பில் இந்தச் சொல்லைச் சொன்னால், "நான் எதுக்கு சார் அத்துமீறப் போறேன்?" என்று ஒருவர் சொல்லிவிட்டு, அதோடு அந்தப் பாடத்தைக் காதில் வாங்குவதை நிறுத்திவிடுவார். அவர் சொல்வது நியாயம்தான். ஓடுபாதைக்குள் தவறாகப் போனவர்களில் பெரும்பாலோர் யோக்கியர்கள். தாங்கள் சரியான இடத்தில்தான் இருக்கிறோம் என்று நம்பிக்கொண்டே போனவர்கள்.

மிலானின் லினாட்டே விமான நிலையத்தில் 2001 அக்டோபர் 8 அன்று நடந்ததைப் பாருங்கள். கடும் பனிமூட்டம். ஒரு சிறிய செஸ்னா ஜெட் போக வேண்டிய டாக்ஸிவேயை (விமானம் தரையில் ஊர்ந்துபோகும் இணைப்புப் பாதையை) விட்டு வேறொன்றில் திரும்பி, கிளம்பிக்கொண்டிருந்த பெரிய விமானத்தின் முன்னால் ஓடுபாதைக்கு வந்துவிட்டது. 118 பேர் இறந்தார்கள். அந்த விமானிகள் எதையும் மீற நினைக்கவில்லை. தளத்தில் இருந்த குறியீடுகளும் பலகைகளும் சரியாக இல்லை என்பதும் விசாரணையில் வெளிவந்தது. குறி அழிந்துகிடப்பது யார் பொறுப்பு? நம் வகுப்புக்கு வருகிறவர்களின் வேலையே அதுதான்!

இன்னொன்று 2022 நவம்பர் 18, பெரு நாட்டின் லிமா. வேகச் சோதனைப் பயிற்சிக்காகக் கிளம்பிய தீயணைப்பு வாகனம் ஓடுபாதைக்குள் வந்தபோது, கிளம்பிக்கொண்டிருந்த ஏர்பஸ் ஏ320 அதில் மோதியது. விமானத்தில் இருந்தவர்கள் தப்பித்தார்கள், தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். இதையும் அத்துமீறல் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

உணர்ச்சியை விடுங்கள், நடைமுறையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஐ.சி.ஏ.ஓ. (சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு) இந்த நிகழ்வுகளை 'ஏ' தொடங்கி வகைப்படுத்துகிறது. அதில் 'டி' வகை என்பது ஓடுபாதையில் இருக்கக் கூடாத ஒரு வண்டியோ ஆளோ விமானமோ தனியாக இருந்தது, உடனடி ஆபத்து ஏதும் நேரவில்லை என்பது. அதாவது கண்ணுக்கெட்டிய தூரம்வரை விமானமே இல்லாவிட்டாலும் அது கணக்கில் சேரும், சொல்லியாக வேண்டும். புதிதாக வந்தவர் சக்கரம் கோட்டைத் தாண்டிய பிறகு சுதாரித்து வண்டியைப் பின்னால் எடுத்துவிடுகிறார், யாரும் பார்க்கவில்லை என்று வையுங்கள். படிவத்தின் தலைப்பில் 'அத்துமீறல் அறிக்கை' என்று இருந்தால் அவர் நிரப்புவாரா? 'பிழைநுழைவு அறிக்கை' என்று இருந்தால் நிரப்ப வாய்ப்பாவது உண்டு. அந்தக் கோடு ஏன் அவர் கண்ணில் படவில்லை என்பது அப்போதுதான் நமக்குத் தெரியவரும்.

ஆகவே என் முன்மொழிவு: ஓடுபாதைப் பிழைநுழைவு. குறை இருந்தால் சொல்லுங்கள்.

> ஹோல்ட் ஷார்ட் = முன்நிறுத்தம். ஹோல்டிங் பொசிஷன் மார்க்கிங் = முன்நிறுத்தக் கோடு.

ஹோல்ட் ஷார்ட் என்றால் ஓடுபாதைக்குள் போகாமல், கோட்டை எட்டுமுன்பே நிற்பது. இதில் எனக்கு உண்மையிலேயே பயம். 'கோட்டுக்கு முன்னால் நில்' என்று ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். சிலர் கோட்டை எட்டாமல் நிற்பார்கள். சிலர் கோட்டைத் தாண்டி, அதற்கு முன்புறம் போய் நிற்பார்கள். 'வீட்டுக்கு முன்னால்' என்றால் வீட்டின் முகப்புப் பக்கம்தானே? நம் 'முன்' இரண்டு பக்கமும் பேசும். மற்ற இடத்தில் பரவாயில்லை, இந்தக் கோட்டில் அது ஆகாது.

தரையில் அந்தக் கோடு எப்படி இருக்கும் என்று பார்த்தால் பெயர் தானாகக் கிடைக்கிறது. நான்கு மஞ்சள் கோடுகள். இரண்டு முழுக்கோடு, இரண்டு விட்டுவிட்டு வரும் கோடு. முழுக்கோடு உங்கள் பக்கம் இருந்தால் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அனுமதி இல்லாமல் தாண்டக் கூடாது. விட்டுவிட்டு வரும் கோடு உங்கள் பக்கம் இருந்தால் நீங்கள் ஓடுபாதைக்குள் இருக்கிறீர்கள், வெளியே வந்து முழுசாகத் தாண்டி நில்லுங்கள். பக்கத்திலேயே சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் ஓடுபாதை எண் இருக்கும். எனவே 'அனுமதிக் கோடு'. வண்டி ஓட்டுபவர் அந்தப் பெயரைச் சொல்லும்போதே 'அனுமதி வாங்கினோமா?' என்ற கேள்வி வந்துவிடும். 'ஹோல்ட் ஷார்ட்' என்பதற்கு விளக்கம் எழுதும்போது 'அனுமதிக் கோட்டைத் தாண்டாமல் நில்' என்று முழு வாக்கியமாகவே எழுதிவிடலாம். எல்லாவற்றையும் ஒற்றைச் சொல்லில் அடைக்க வேண்டும் என்று யார் சொன்னது?

அப்புறம் முக்கியமான ஒன்று. வானொலியில் பேசும் சொற்றொடர்களுக்குத் தமிழ் ஆக்கவே கூடாது. ஹோல்ட் ஷார்ட், கிராஸ், வெக்கேட்டட் (வெளியேறிவிட்டேன்) எல்லாம் அப்படியே இருக்கட்டும். கோபுரத்தில் இருப்பவர், விமானி, வண்டி ஓட்டுபவர் மூவரும் ஒரே அலைவரிசையில் ஒரே சொல்லைக் கேட்டால்தான் ஒருவர் தப்பாகப் புரிந்துகொண்டதை இன்னொருவர் பிடிக்க முடியும். தமிழ் வகுப்பறைக்கு, பொருள் விளங்க.

> ரீட்பேக் = எதிரொலிப்பு.

அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எதிரொலி எதையும் யோசிக்காது, வந்ததைத் திருப்பி அனுப்பும். இங்கே வேண்டியது அது இல்லை. ஓடுபாதைக்குள் போ, குறுக்கே கட, தாண்டாமல் நில் என்ற மூன்று வகை உத்தரவையும் ஓடுபாதை எண்ணோடு வாய்விட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். வெறும் 'ரோஜர்' (கேட்டுக்கொண்டேன்) செல்லாது. சொல்பவர் அதன் பொருளை மனத்தில் வாங்கியிருக்க வேண்டும். 'திருப்பிச் சொல்லுதல்' என்றே இருக்கட்டும், குழந்தைக்கும் புரியும்.

> எஃப்.ஓ.டி. = அயற்பொருள்.

எஃப்.ஓ.டி. என்பது ஓடுபாதையில் கிடந்து விமானத்துக்குச் சேதம் விளைவிக்கக்கூடிய பொருள். அயல் என்றதும் வெளியிலிருந்து வந்த கல், பறவை, பிளாஸ்டிக் உறை என்று மனம் போகிறது. பராமரிப்புக்காரர் விட்டுவரும் எஃப்.ஓ.டி. அவருடைய சொந்தப் பொருள்: ஸ்பேனர், நட்டு, கேபிள் துண்டு, பெயின்ட் டப்பாவின் மூடி. 2000 ஜூலை 25 அன்று பாரிஸ் அருகே கான்கார்ட் விழக் காரணமான உலோகப் பட்டை, சற்றுமுன் அதே ஓடுபாதையிலிருந்து கிளம்பிய இன்னொரு விமானத்திலிருந்து உதிர்ந்தது. நீளம் சுமார் 43 சென்டிமீட்டர். டயர் அதன்மேல் ஏறிக் கிழிந்தது, டயர்த் துண்டு இறக்கையின் அடியில் மோதியது, எரிபொருள் தொட்டி உடைந்து தீப்பிடித்தது. 113 பேர் இறந்தார்கள்.

நான் 'உதிர்பொருள்' என்கிறேன். வினைத்தொகை, மூன்று காலமும் அடக்கம். உதிர்ந்தது, உதிர்கிறது, உதிரப்போவது. வண்டியின் பின்பக்கத்தில் மூடாமல் வைத்த கருவிப்பெட்டி மூன்றாவது வகை, கிளம்புமுன் பார்க்க வேண்டியது அதைத்தான். டயரின் பள்ளத்தில் ஒட்டிவந்த சரளையும் இதில் சேரும். பறவை சேராது, அதற்குக் கையேட்டில் தனிப் பகுதி இருக்கிறது. இடத்தில் நின்று பேசும்போது எல்லோரும் 'ஃபாட்' என்றுதான் சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

மின்பிரிவு நண்பர் எழுப்பிய கேள்விதான் இந்தப் பட்டியலிலேயே ஆழமானது.

> ஓப்பன் சர்க்யூட்டைப் பள்ளிப் பாடநூல்போல் 'திறந்த சுற்று' என்று எழுதலாமா?

எழுதலாம், ஆனால் ஆளைக் கொன்றுவிடும். பள்ளியில் படித்தது என்ன? சுற்று திறந்தால் மின்னோட்டம் இல்லை, விளக்கு எரியாது, தொடலாம். வீட்டு வயரிங் பார்த்துப் பழகியவருக்கும் அதே எண்ணம்தான். ஓடுபாதை விளக்குகள் தொடர்இணைப்பில் இருப்பவை. அவற்றுக்கு மின்சாரம் தரும் ரெகுலேட்டர் மாறாத மின்னோட்டத்தைத் தள்ளும், முழு வெளிச்சத்தில் 6.6 ஆம்பியர். பாதையில் எங்காவது கேபிள் அறுந்தால் அந்த 6.6 ஆம்பியரைத் தள்ளியே தீருவேன் என்று அது மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும். அறுந்த இரண்டு முனைகளுக்கு இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் நிற்கலாம். பாதுகாப்பு அமைப்பு ரெகுலேட்டரை நிறுத்தும்தான். அதை நம்பி இணைப்பானைக் கையால் பிரிக்கக் கூடாது. எனவே இந்தக் கையேட்டில் மட்டும் 'அறுந்த சுற்று' என்று போடுவோம், அருகிலேயே 'அறுந்தால் மின்னழுத்தம் ஏறும்' என்றும் எழுதுவோம். அறுந்த கம்பியைத் தொடாதே என்று எல்லோருக்கும் சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பயம் நமக்கு உதவும்.

இதோடு ஒட்டியது லாக்அவுட்-டேக்அவுட், அதாவது வேலை நடக்கும்போது யாரும் மின்சாரத்தை மறுபடி போடாதபடி பூட்டிவைப்பது. 'பூட்டும் சீட்டும்' என்று யாரோ எழுதியிருந்தீர்கள், அப்படியே எடுத்துக்கொள்கிறேன். கோபுரத்தில் சொல்லி விளக்கை அணைக்கச் செய்தால் போதும் என்று புதியவர்கள் நினைப்பார்கள். போதாது. பனி இறங்கினால் கோபுரத்திலிருந்தே மறுபடி போட்டுவிடலாம். ரெகுலேட்டர் அறைக்குப் போய் மின்வரவைத் துண்டித்து, தன் பூட்டைப் போட்டு, தன் பெயர்ச் சீட்டை மாட்டி, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு மின்சாரம் இல்லை என்று அளந்து பார்க்க வேண்டும். பூட்டியவரே திறக்க வேண்டும்.

ஜெட் பிளாஸ்டுக்கு, அதாவது எஞ்சினின் பின்னால் பாயும் வேகக் காற்றுக்கு, 'தாரைவீச்சு', எஞ்சின் முன்பக்க ஆபத்துப் பகுதிக்கு 'இழுப்பு வட்டம்'. இரண்டும் நன்று. இரண்டாவதின் கீழே ஒரு வரி மட்டும் சேர்க்கிறேன்: சிவப்புச் சுழல்விளக்கு மின்னும்வரை எஞ்சின் ஓடுகிறது என்றே கொள். 2022 டிசம்பர் 31 அன்று அமெரிக்காவின் மாண்ட்கோமரி விமான நிலையத்தில், நிறுத்திய பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த விமானத்திடம் போன தரைப்பணியாளர் ஒருவர் உள்ளே இழுக்கப்பட்டு இறந்தார்.

அன்புடன்,
பட்டியல் கேட்டவன்

* * *

அன்புள்ள தம்பிக்கு,

'அத்துமீறல்' பற்றி நீங்கள் சொன்னது சரி, விட்டுவிடுகிறேன். ஆனால் 'பிழைநுழைவு' பாதியைத்தான் பிடிக்கிறது. நீங்களே முன்பு அனுப்பிய வரையறையில் நுழைவதைப் பற்றிய பேச்சே இல்லை, 'இருக்கக் கூடாதபோது இருப்பது' என்றுதான் இருக்கிறது. இரவில் மூடிய ஓடுபாதையில் அனுமதியோடு உள்ளே போய்க் கோடு பூசுகிறார் ஒருவர். விடியற்காலை ஓடுபாதை திறக்கிறது. அவர் இன்னும் உள்ளே இருக்கிறார். எங்கே பிழையாக நுழைந்தார்? 'பிழையிருப்பு' பொருத்தமாக இருக்குமே.

'முன்' பற்றிய உங்கள் குறிப்பை ரசித்தேன். 'முன்னொரு காலம்' போனது, 'முன்னேற்றம்' வரப்போவது. இந்தச் சொல்லை நம்பிச் சாலையில்கூட நிற்கக் கூடாது போலிருக்கிறது.

* * *

ஐயா, வணக்கம்.

'பிழையிருப்பு' என்றதும் எனக்குக் கிடங்குக் கணக்குதான் கண்முன் வருகிறது. கையிருப்பு, பண இருப்பு, பிழையிருப்பு! இன்னொரு நண்பர் 'தகா இருப்பு' என்று எழுதியிருக்கிறார், அதிலும் அதே சிக்கல்.

ஆனால் நீங்கள் காட்டிய ஆள் முக்கியமானவர். பராமரிப்பு வேலையில் இந்த வகைதான் நடக்கக்கூடியது. அவர் நகரவே இல்லை, ஓடுபாதைதான் அவர்மேல் திறந்துகொண்டது. கடைசி வாகனம் வெளியேறியதைக் கோபுரத்திடம் சொல்லாமல் திறந்திருந்தால் அது இரண்டு பக்கத்துத் தவறு. அதனால் தலைச்சொல்லாகப் 'பிழைநுழைவு' இருக்கட்டும், அதன் கீழே வரையறையை முழுதாகக் கொடுப்போம்: விமானம் இறங்கவும் கிளம்பவும் ஒதுக்கிய பகுதிக்குள் விமானமோ வண்டியோ ஆளோ இருக்கக் கூடாதபோது இருப்பது. அடுத்த வரியில் 'வெளியேறாமல் தங்கிவிடுவதும் பிழைநுழைவே' என்று தனியாக எழுதுவோம். இலக்கணம் கொஞ்சம் முகம் சுளிக்கும், பரவாயில்லை. கூடவே வேலை முடிந்ததும் செய்யவேண்டியதையும் சேர்க்கலாம்: ஆட்களை எண்ணு, கருவிகளை எண்ணு, தளத்தை நடந்து பார், அனுமதிக் கோட்டை முழு வண்டியும் தாண்டிய பிறகு கோபுரத்துக்குச் சொல்.

மீதம் இருப்பது ஒன்றுதான். தரையிறங்கு வழிகாட்டிக் கருவியின் ஆன்டெனா முன்னால் ஒரு பகுதி உண்டு. அங்கே புல்வெட்டி வண்டியை நிறுத்தினாலே, இறங்கும் விமானத்துக்குப் போகும் சமிக்ஞை வளைந்துவிடும். ஓடுபாதையிலிருந்து தள்ளி, வெறும் புல்வெளியாகத்தான் தெரியும். அதனால் ஆபத்து என்றே தோன்றாது. பட்டியலில் 'உணர்திறன் பகுதி' என்று வந்திருக்கிறது. அதைப் படித்தவர் எதை உணர்வார்? 'வண்டி நில்லாப் புலம்' என்று நான் குறித்து வைத்திருக்கிறேன், ஆனால் ஆள் நடந்து போகலாமா என்ற கேள்வி அதில் அடங்கவில்லை. யாருக்காவது வேறு தோன்றினால் எழுதுங்கள், அச்சுக்குப் போகுமுன் சேர்த்துவிடலாம்.