பிச்சாவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்
காட்பாடி பக்கம் ஒரு பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றப் பிள்ளைகளை ஜனவரியில் பிச்சாவரம் அழைத்துப்போக நினைக்கிறோம். பாலாற்று மணலையே பார்த்து வளர்ந்தவர்கள், கடலோரச் சேற்றில் உப்புநீரில் வளரும் அலையாத்திக் காடு புதிது. வெறும் படகுச் சவாரியோடு திரும்பக் கூடாது. வெண்கண்டல் மரம் சேற்றுக்கு மேலே நீட்டும் மூச்சுவேர்கள், இலையில் படியும் உப்பு, தாய்மரத்திலேயே முளைவிட்டுத் தொங்கும் சுரபுன்னை நாற்று எல்லாம் கிட்டப் பார்க்க வேண்டும். மூச்சுவேர் தெரிய நீர் வற்றும் நேரம் எதுவென்று எப்படி அறிவது? அப்புறம், மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, உப்புத் தேங்காமல் காட்டை மீட்டார்களே, அந்த இடத்துக்கு வனத்துறையில் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? தில்லை மரத்துப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. பிள்ளைகள் கை சும்மா இருக்காது, அதனால் மரம் தெரிந்த ஒருவர் கூட வந்தால் நிம்மதி. சிதம்பரம், பரங்கிப்பேட்டைக்காரர்கள் இருந்தால் சொல்லுங்கள்.