பதினைந்து வயது மகனிடம் ஆஸ்பெர்கர் பற்றிச் சொல்லலாமா?

மன்னார்குடி அம்மா:
என் மகன் பத்தாம் வகுப்பு. தஞ்சாவூரில் பார்த்த மனநல மருத்துவர், "முன்பு ஆஸ்பெர்கர் என்போம், இப்போது ஆட்டிசத்துக்குள் வருகிறது" என்றார். பிறரோடு பழகுவதிலும் சத்தம் போன்றவற்றை உணர்வதிலும் பிறவியிலேயே இருக்கும் வேறுபாடாம். மேட்டூர் நீர்மட்டத்தைத் தினமும் நோட்டில் குறிப்பான். எந்தெந்த ஆண்டு ஜூன் 12 அன்று அணை திறந்தது என்று ஒப்பிப்பான். கல்யாண வீட்டில் தவில் ஆரம்பித்தால் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுகிறான். அவனிடம் மூச்சுவிடக் கூடாது என்கிறார் மாமனார். சொல்லிவிடலாம் என்பது என் எண்ணம்.

குடந்தைப் பெரியவர்:
மாமனார் சொல்வதைக் கேளுங்கள் அம்மா. எங்கள் காலத்தில் தெருவுக்கு ஒருவர் இப்படி இருந்தார், யாரும் பெயர் வைக்கவில்லை. நாளைக்குத் தங்கைக்கு வரன் பார்க்கும்போது இந்தப் பேச்சு வந்து நிற்கும். மருத்துவர்களே 2013-இல் கைவிட்ட பெயரைப் பிள்ளை தலையில் ஏன் கட்ட வேண்டும்?

திருவாரூர் ஆசிரியை:
ஐயா, அமெரிக்க மனநல வகைப்பாட்டிலிருந்து போனது பெயர்தான், பிள்ளைகள் போய்விடவில்லை. தெருவுக்கு ஒருவர் என்றீர்களே, அவர் பள்ளியில் வாங்கிய அடியை யார் எண்ணினார்கள்? "பாடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு வா" என்றால், இதே போன்ற என் மாணவன் ஒருவன் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு வருவான். திமிர் என்று பக்கத்து வகுப்பு ஆசிரியர் பிரம்பை எடுத்தார். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் இருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம்.

குடந்தைப் பெரியவர்:
சான்றிதழ் வாங்கட்டும். பையனிடம் ஏன் சொல்ல வேண்டும்? மனம் ஒடிந்துபோவான்.

மயிலாடுதுறைக்காரன்:
எனக்குப் பதினேழு வயதில் சொன்னார்கள். அதுவரை வகுப்பு வைத்த பெயர் 'கிறுக்கு'. அதையே நானும் நம்பிக்கொண்டிருந்தேன். சொன்ன அன்று அழுதேன். ஆனால் அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன். முகம் பார்த்து எங்களுக்குப் புரியாமல் போகலாம் ஐயா, நாங்கள் உள்ளே வந்ததும் பேச்சு நின்றுபோவது காதில் விழாதா?

அக்கா, உறவினர் கூடும் நாளில் வேண்டாம். தவில் சத்தம் ஏன் அவனை வதைக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது, அவன் வேகத்தில் படித்துக்கொள்வான். அந்த மேட்டூர் நோட்டை மட்டும் யாரும் பறிக்க வேண்டாம்.

குடந்தைப் பெரியவர்:
தம்பி, அனுபவித்தவன் சொல்கிறாய். பையனிடம் சொல்வதை இனி நான் தடுக்கவில்லை. ஊருக்குத் தெரிய வேண்டாம் என்பதில் மாறமாட்டேன்.

மன்னார்குடி அம்மா:
தங்கை மூன்றாம் வகுப்புதான் படிக்கிறாள் ஐயா. அவள் வரனுக்காக இவனை இப்போதே ஒளித்துவைக்க என்னால் முடியாது. எழுதித்தான் கொடுக்கப் போகிறேன் தம்பி. அதற்கு முன் மாமனாரிடம் நானே பேசுகிறேன்.