பேடாக் ஸ்டாண்டுக்கு ஒரு சொல்: 'கவைமுட்டு'

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். வீட்டிலேயே மோட்டார் சைக்கிள் செயினைச் சுத்தம் செய்ய எந்த ஸ்டாண்டு வாங்கலாம் என்று ஒருவர் கேட்டது, மூன்றே நாளில் கலைச்சொல் விவாதமாக மாறியிருக்கிறது. எனக்கு மகிழ்ச்சி. பேச்சு பேடாக் ஸ்டாண்டைப் பற்றியது, அதாவது மோட்டார் சைக்கிளின் ஒரு சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் இரும்புச் சட்டம். அதற்கு இதுவரை வந்த சொற்கள்: உயர்த்தி, வண்டித்தூக்கி, பின்சக்கர உயர்த்தி, தூக்குமேடை. யோசித்துத் தந்த எல்லோருக்கும் நன்றி. ஆனால் இவை அனைத்துமே தூக்குவதை மட்டும் சொல்கின்றன. தூக்கிய பிறகு வண்டி எதை நம்பி நிற்கிறது என்பதை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுப் போர்ட்டிகோவில் நடந்ததைச் சொல்கிறேன். சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டி. பின்சக்கரத்தைக் கழற்ற வேண்டும். அக்கா வீட்டுக்காரர் தன் காரில் இருந்த ஸ்க்ரூ ஜாக்கியை எடுத்து வந்து, எஞ்சினுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டை வைத்துத் திருகினார். டயருக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி வந்தது. "தூக்கியாச்சா மச்சான்?" என்றேன். "தூக்கியாச்சு மாப்ள, நீ நட்டைக் கழட்டு" என்றார். அச்சு நட்டு இறுகிக் கிடந்தது. நீள ஸ்பேனரைப் போட்டு ஓங்கி ஒரு இழு இழுத்தேன். ஜாக்கியின் தலை உள்ளங்கை அகலம்கூட இல்லை. வண்டி அதன்மேல் லேசாகத் திரும்பியது, பிறகு வலப்பக்கம் சாய்ந்தது. சைடு ஸ்டாண்டு இருப்பது இடப்பக்கம்; வலப்பக்கம் பிடிக்க ஒன்றும் இல்லை. டேங்க் நசுங்கியது, பிரேக் லீவர் ஒடிந்தது. சைலன்சர் என் முழங்காலுக்கு நான்கு விரல் தள்ளி விழுந்தது.

மச்சான் சொன்னது பொய்யில்லை, வண்டியைத் தூக்கியிருந்தார். அது நிற்குமா என்று நான்தான் கேட்கவில்லை. தூக்குவதும் தாங்குவதும் இரண்டு வேலை. கார் வேலை செய்பவர்கள் இதில் கறாராக இருப்பார்கள்: ஜாக்கியால் தூக்கு, அடியில் ஸ்டாண்டை வை, ஜாக்கியைத் தளர்த்தி வண்டியை ஸ்டாண்டின்மேல் உட்காரவை, அதன் பிறகே உள்ளே போ. ஆயில் ஜாக்கி என்றால் இன்னும் கவனம் வேண்டும். சீல் தேய்ந்துபோனால் எண்ணெய் மெல்லக் கசிந்து, நாம் பார்க்காத நேரத்தில் அது இறங்கிவிடும். இந்த இரண்டு வேலைக்கும் ஒரே பெயரை வைத்தால், புதிதாக ஸ்பேனர் பிடிக்கும் பிள்ளைகளுக்கு நாமே தவறான பாடம் சொல்லிக் கொடுத்தவர்கள் ஆவோம்.

எனவே, முதலில் 'ஜாக்கி'. இதை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. சாலை உயர்ந்து வீடு பள்ளத்தில் போனால், ஜாக்கி வைத்து வீட்டையே மூன்று நான்கு அடி தூக்குகிறார்கள். அந்த வேலைக்குத் தமிழ்நாடு முழுக்க இதுதான் பேர். ஆங்கில 'ஜாக்'குக்கு நாமே ஓர் இகரம் போட்டு நம்முடையதாக்கிக்கொண்ட சொல் அது. பாடநூலுக்குத் தமிழ் வடிவம் வேண்டுமென்றால் 'தூக்கி' போதும். மின்தூக்கி, பாரந்தூக்கி என்று அந்தக் குடும்பம் ஏற்கெனவே இருக்கிறது.

அடுத்து, தாங்கும் வேலை. 'தாங்கி' என்றே வைக்கலாமே என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். சுமைதாங்கிக் கல்லைப் பார்த்து வளர்ந்த எனக்கும் அந்தச் சொல் பிடிக்கும். ஆனால் இயந்திரவியலில் 'தாங்கி' பேரிங்குக்குப் போய்விட்டது. பின்சக்கரத் தாங்கியை மாற்ற வண்டியைத் தாங்கியில் ஏற்று என்று எழுதிப் பாருங்கள், குழப்பம் தெரியும்.

நான் முன்வைப்பது 'முட்டு'. குலை தள்ளிய வாழை சாயாமல் இருக்க முட்டுக் கொடுக்கிறோம். மாட்டை அவிழ்த்த பின் வண்டியின் முன்பாரம் தரையில் இடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்து நிறுத்துவார்கள். விரிசல் விட்ட சுவருக்கும் முட்டுத்தான். தேரோட்டத்தில் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போட்டுத் தேரை நிறுத்துபவர்களைப் பார்த்திருப்பீர்கள். மோட்டார் சைக்கிளைத் தூக்கும் முன் முன்சக்கரத்துக்கு வைக்க வேண்டிய ஆப்புக்கும் அதே 'முட்டுக்கட்டை' அப்படியே பொருந்துகிறது.

"முட்டுக் கொடுப்பது என்றால் இன்று இணையத்தில் வேறு பொருள் ஆயிற்றே" என்று ஓர் அன்பர் தயங்கினார். கட்சிக்காரரையோ நடிகரையோ விடாமல் காப்பாற்றிப் பேசுவதை அப்படிச் சொல்கிறார்கள், உண்மைதான். ஆனால் அந்தப் பேச்சு வழக்கே, விழப்போவதை விழாமல் நிறுத்துவது என்ற மூலப்பொருளிலிருந்து பிறந்ததுதான். சொல் இன்னும் உயிரோடு இருப்பதற்கு அது சாட்சி.

இனி, பேடாக் ஸ்டாண்டு. அது வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெயர் அதிலிருந்துதான் வருகிறது. உருளை பொருத்திய இரும்புச் சட்டம். அதன் இரண்டு கைகளும் ஸ்விங் ஆர்மின், அதாவது பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் சட்டத்தின், இருபுறமும் போய்ப் பொருந்தும். வண்டியை நேராக நிமிர்த்தி, பின்னாலிருக்கும் கைப்பிடியைக் கீழே அழுத்தினால் பின்சக்கரம் எழும்பும். முக்கியமான இடம் அடுத்தது: பாரம் உருளைகளின் அச்சைத் தாண்டி மறுபக்கம் போகும், 'டக்'கென்று கைப்பிடி தரையில் படியும். அதற்குப் பிறகு வண்டியின் சொந்த எடையே ஸ்டாண்டைப் படியவைத்துக் காக்கும். நாமாகக் கைப்பிடியை மேலே தூக்கினால் ஒழிய இறங்காது. தூக்குவது இரண்டு நொடி, மீதி ஒரு மணி நேரமும் அது செய்வது தாங்கும் வேலை. அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் பெயர் வைக்க வேண்டும்.

அதன் கைகளின் நுனியில் ஆங்கில 'வி' எழுத்துப் போல ஒரு பிளவு இருக்கும். ஸ்விங் ஆர்மில் முடுக்கிய குமிழ்கள் அதில் உட்காரும். வாழைக்கு முட்டுக் கொடுக்க நாம் தேடுவதும் நுனி பிளந்த கம்பைத்தான். அந்தப் பிளவுக்குக் கவை என்று பெயர். 'கவைக்கதிர் வரகு' என்று புறநானூற்றிலேயே வரும் சொல். ஆகவே 'கவைமுட்டு'. பின்சக்கரத்தைத் தூக்குவது 'பின்கவைமுட்டு', முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கைத் தூக்குவது 'முன்கவைமுட்டு'.

கேட்டவருக்கு வாங்க உதவும் பதிலும் இதிலேயே இருக்கிறது. அவருடைய வண்டி பல்சர் என்.எஸ். 200. எஞ்சினுக்கு அடியிலேயே சைலன்சர் இருப்பதால் கீழிருந்து ஜாக்கி வைக்க நல்ல இடம் கிடையாது; சென்டர் ஸ்டாண்டும் இல்லை. அவருக்குக் கவைமுட்டுதான் சரி. குமிழ் மாட்டத் திருகுத்துளை இருக்கிறதா என்று ஸ்விங் ஆர்மைத் தடவிப் பாருங்கள். இருந்தால் கவையுள்ளதை வாங்குங்கள். இல்லையென்றால் ரப்பர் போட்ட 'எல்' வடிவக் கைகள் உள்ளது கிடைக்கும். வேலை நடக்கும், ஆனால் வழுக்க வாய்ப்பு அதிகம். கைகளின் அகலத்தைக் கூட்டிக் குறைக்க முடிய வேண்டும். பற்றவைத்த இடங்களை விரலால் தடவிப் பாருங்கள், ஓட்டை தட்டுப்பட்டால் வாங்காதீர்கள். வண்டியை ஏற்றும்போது முன் பிரேக்கை ஒரு ரப்பர் பட்டையால் கட்டிவிடுங்கள். முதல் சில தடவை வண்டியைப் பிடிக்க வீட்டில் ஒருவரைக் கூப்பிடுங்கள். சைடு ஸ்டாண்டு கீழேயே இருக்கட்டும். செயின் துடைக்கும்போது சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். எஞ்சினை ஓடவிட்டுத் துணியைப் பிடித்து விரலை இழந்தவர்கள் உண்டு. அச்சு நட்டைக் கழற்றுவதாக இருந்தால், இறுக்கத்தை வண்டி தரையில் நிற்கும்போதே தளர்த்திவிட்டுப் பிறகு ஏற்றுங்கள்.

ஸ்பிளெண்டர், கிளாசிக் 350 மாதிரி சென்டர் ஸ்டாண்டோடு வரும் வண்டிக்காரர்கள் இதற்குச் செலவு செய்யவே வேண்டாம். அதை 'நடுமுட்டு' என்றும், சைடு ஸ்டாண்டைப் 'பக்கமுட்டு' என்றும் சொன்னால் வரிசை நன்றாக அமைகிறது. ஆனால் இவ்விரண்டும் வழக்கில் ஏறும் என்று எனக்கு நம்பிக்கை குறைவு, வற்புறுத்தவில்லை.

கடைசியாக, சர்வீஸ் சென்டர்களில் வண்டியை அப்படியே இடுப்பளவுக்கு உயர்த்தும் மேடை. பட்டறையில் 'ரேம்ப்' என்கிறார்கள். இதற்கு 'தூக்குமேடை' வேண்டவே வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சொல்லுக்கு நம் மொழியில் ஒரே பொருள்தான் உண்டு, அது உயிர் போகும் இடம். 'ஏற்றுமேடை' என்றால் வண்டியை ஏற்றுவதும் மேலே ஏற்றுவதும் இரண்டும் வந்துவிடுகின்றன.

மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் கவைமுட்டையும் ஏற்றுமேடையையும் விக்சனரியில் சேர்த்துவிடுகிறேன். ஸ்விங் ஆர்முக்கு மட்டும் எனக்கு எதுவும் அகப்படவில்லை. 'ஆடுகை', 'ஊசற்கை' என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன், பட்டறையில் சொல்லிக் கேட்டபோது ஒட்டவில்லை. ஈழத்து நண்பர்கள் தங்கள் ஊர்க் கராஜில் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்று எழுதினால் உதவியாக இருக்கும்.

அன்புடன்.